நாட்டு நாய் ஜோடி வாங்கிப் போட்டால் பிரீடர் ஆகிவிடலாமா? சட்டம், செலவு, பொறுப்பு... முழு விவரம்!

"ஒரு ஆண், ஒரு பெண் வாங்கிப் போடு. குட்டி போட்டா காசுதான்." நாய் வளர்க்கும் பலரிடமும் யாராவது ஒருத்தர் இந்த யோசனையைச் சொல்லியிருப்பார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாட்டு நாய்கள் மீது ஆர்வம் கூடியிருக்கும் நேரத்தில், மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் பிரீடிங்கில் இறங்குபவர்கள் நிறைய.

ஆசை தப்பில்லை. ஆனால் ஒரு ஈத்துக்கு ஆறேழு குட்டிகள் பிறந்தால், அந்த ஆறேழு உயிரும் அடுத்த 10, 12 வருஷம் எங்கே, எப்படி வாழும் என்பதற்கு முதல் பொறுப்பாளி பிரீடர்தான். சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. சென்னை ஃபிளாட்டாக இருந்தாலும் சரி, ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூராக இருந்தாலும் சரி, விதி ஒன்றுதான். தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*நான்கு இனங்கள்... என்ன நிலவரம்?*

தமிழ்நாட்டு நாய் என்றதும் நினைவுக்கு வரும் நான்கு பெயர்களில் மூன்று, ஊர்ப் பெயர்கள். ராஜபாளையம் விருதுநகர் மாவட்டத்து ஊர். வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு இந்த நாயின் அடையாளம். கோம்பை, தேனி மாவட்டத்து ஊர். கோம்பை நாய் காவலுக்குப் பேர்போனது. சிப்பிப்பாறை தென்மாவட்ட வறண்ட நிலத்தில் முயல் வேட்டைக்கு ஓடிய மெலிந்த, வேகமான நாய். அதன் நெருங்கிய சொந்தம்தான் கருப்பு உடலும் பழுப்புக் கால்களும் கொண்ட கன்னி.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இன அஞ்சல் தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்ட் 30-ம் தேதி 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் மோடி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களைக் குறிப்பிட்டுப் பேசினார். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் முதன்முதலாகப் பதிவு செய்த நாய் இனங்கள் மூன்று. அவற்றில் ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் நம்முடையவை. மூன்றாவது கர்நாடகாவின் முதோல்.

பெருமை இருக்கிறது. ஆனால் பெருமையால் மட்டும் ஒரு இனம் பிழைக்காது. கைவிரல் விட்டு எண்ணும் அளவு நாய்களிடமிருந்தே மறுபடி மறுபடி குட்டி எடுத்தால் எண்ணிக்கை கூடும், இனம் பலவீனமாகும். அது எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

*சைதாப்பேட்டை சொல்லும் பாடம்*

நாட்டு நாய் இனங்களைக் காப்பாற்ற அரசே ஒரு கூடம் நடத்தியது பலருக்கும் தெரிந்திருக்காது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு இயங்கிவந்தது. அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை குறித்து விலங்கு நல ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். 2016-ல் அந்தக் கூடத்தை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இனத்தைக் காப்பாற்றுவது நல்ல நோக்கம்தான். ஆனால் நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, நாய் எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. அரசுக் கூடத்துக்கே அந்த அளவுகோல் என்றால், வீட்டுப் பிரீடருக்கும் அதேதான்.

*சட்டம் என்ன சொல்கிறது?*

1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளை அறிவித்தது. முக்கியமானவை இவை:

• நாயை வைத்துக் குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அது தமிழ்நாடு விலங்குகள் நல வாரியம். "நான் ஹாபியாத்தான் பண்றேன்" என்பதற்குத் தனி விலக்கு கிடையாது.

• 18 மாதம் நிரம்பாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மேட்டிங்குக்கு முன் கால்நடை மருத்துவர் பரிசோதித்து, ஆரோக்கியமாக இருக்கிறது என்று சான்று தர வேண்டும்.

• ஒரு பெண் நாயிடம் வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது.

• 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

• 6 மாதம் தாண்டிய நாயை, கருத்தடை செய்யாமல் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. பதிவு பெற்ற இன்னொரு பிரீடருக்கு மட்டும் தரலாம்.

• மைக்ரோசிப் பொருத்த வேண்டும். பிறப்பு, தடுப்பூசி, சிகிச்சை, விற்பனை எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும்.

• அழகுக்காக வால் வெட்டுவது, காது வெட்டுவது கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கூடைக்குள் ஐந்து வாரக் குட்டிகளை வைத்து விற்கிறார்களே, அது இந்த விதிகளுக்கு நேர் எதிரானது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'லூசி சட்டம்' 6 மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டிகளை இடைத்தரகர்கள் விற்பதையே தடை செய்கிறது. அங்கே குட்டி வாங்குபவர் நேராக பிரீடரிடம் போய், தாயோடு சேர்த்துக் குட்டியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு கூண்டிலேயே வருஷக் கணக்கில் அடைபட்டு, குட்டி போட மட்டுமே வைக்கப்பட்டிருந்த லூசி என்ற பெண் நாயின் பெயரில் வந்த சட்டம் அது.

*பேப்பர் இருந்தா போதுமா?*

"பேப்பர் இருக்கா?" என்பதுதான் குட்டி வாங்க வருபவரின் முதல் கேள்வி. பேப்பர் என்றால் பெடிகிரி சர்டிபிகேட். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, சுருக்கமாக கே.சி.ஐ., இதை வழங்குகிறது.

அந்தச் சான்றிதழ் நாயின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யார் என்று சொல்லும். நாய் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று சொல்லாது. அது நாயின் வம்சாவளிப் பத்திரம். மருத்துவச் சான்று என்பது வேறு. இரண்டும் வேண்டும்.

அதே நேரம், பேப்பரை லேசாக நினைக்கவும் முடியாது. கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த நல்ல நாட்டு நாய்கள் பலவற்றுக்கு எழுத்துப் பதிவே இல்லை. எந்த நாய் எந்த நாய்க்குச் சொந்தம் என்பது வளர்த்தவரின் ஞாபகத்தில்தான் இருக்கும். அவர் போனால் கணக்கும் போச்சு. அதனால் ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு ஈத்தையும் தேதி போட்டு எழுதுவதே ஹாபி பிரீடர் செய்யும் பெரிய சேவை.

*எந்த ஜோடியைச் சேர்க்கலாம்?*

"ரெண்டும் ஒரே ஈத்து, அப்படியே அச்சு. சேர்த்தா குட்டி சுத்தமா வரும்." அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இங்கேதான் ஆபத்து.

நெருங்கிய சொந்தத்தில் சேர்த்தால், அம்மா வழியிலும் அப்பா வழியிலும் ஒரே மூதாதையின் மரபணு நகல் வந்து சேர வாய்ப்பு கூடும். அண்ணன் தங்கையைச் சேர்த்தால் இந்த வாய்ப்பு 25%. ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான நாய்களைச் சேர்த்தால் 12.5%. தாத்தா பேத்திக்கும் அதே 12.5%. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் முறை என்றால் 6.25%. மறைந்திருக்கும் நோய்க் கூறுகள் இப்படித்தான் வெளியே வருகின்றன. ஈத்தில் குட்டி எண்ணிக்கை குறைவது, குட்டிகள் தேறாமல் போவது, நோய் எதிர்ப்புச் சக்தி குறைவது எல்லாம் இதன் விளைவுகள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஷோவில் ஜெயித்த ஒரே ஆண் நாயிடம் வட்டாரமே மேட்டிங்குக்குப் போவது. நாலைந்து வருஷத்தில் சுற்றுவட்டாரக் குட்டிகள் எல்லாம் ஒரே அப்பன் பிள்ளைகள் ஆகிவிடும். அப்புறம் சொந்தமில்லாத ஜோடி தேட வேறு மாவட்டம்தான் போக வேண்டும்.

ராஜபாளையத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது காது. முழு வெள்ளை நாய்களில் உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், பிறவியிலேயே காது கேட்காமல் இருக்கலாம். குட்டி தூங்கும்போது, அது பார்க்காதபடி பின்னாலிருந்து சத்தம் எழுப்பிப் பார்ப்பது ஆரம்பச் சோதனை. ஒரு காது மட்டும் கேட்காத நாயை இதில் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பெரிய கால்நடை மருத்துவமனையில் மூளை நரம்பின் மறுமொழியை அளக்கும் கருவி வேண்டும். காது கேட்காத குட்டி நல்ல வீட்டில் செல்லமாக வளரலாம். ஆனால் அதிலிருந்து குட்டி எடுக்கக் கூடாது.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற கனமான இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். அதை உறுதியாகச் சொல்லும் எக்ஸ்ரே 2 வயதில்தான் எடுக்கப்படுகிறது. சட்டம் 18 மாதத்தில் அனுமதித்தாலும், இந்த இனங்களில் 24 மாதம் வரை காத்திருப்பது நல்லது.

குணத்தையும் பார்க்க வேண்டும். காரணமில்லாமல் கடிக்கும் நாய், எதற்கும் நடுங்கும் நாய் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். குட்டிக்கும் அந்தக் குணம் வரலாம்.

*மேட்டிங் முதல் பிரசவம் வரை*

ஆரோக்கியமான பெண் நாய் பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். பொதுவாக 9 முதல் 14-வது நாளுக்குள் இணை சேரும். சரியான நாளைத் தெரிந்துகொள்ள புரொஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை உதவும்.

மேட்டிங்குக்கு முன் இரண்டு நாய்க்கும் புரூசெல்லா பரிசோதனை அவசியம். கருச்சிதைவை உண்டாக்கும் இந்தக் கிருமி மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது. இணை சேரும்போது பரவும் பிறப்புறுப்புக் கட்டியும் நம்மூர் நாய்களிடம் பரவலாக உண்டு. "தெரிஞ்சவர் நாய்தான்" என்று பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. உண்ணியால் வரும் காய்ச்சலுக்கும் ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

சினைக் காலம் சுமார் 63 நாள். ஒரு மாதம் ஆனதும் ஸ்கேனில் கரு தெரியும். 55-ம் நாள் வாக்கில் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். பிரசவத்தின்போது இன்னும் உள்ளே குட்டி இருக்கிறதா என்று தெரிய அந்த எண்ணிக்கை உதவும். டாக்டரைக் கேட்காமல் கால்சியம் டானிக் ஊற்றக் கூடாது. அதுவே பிரசவத்துக்குப் பிறகு கால்சியம் திடீரெனக் குறையக் காரணமாகலாம். பால் கொடுக்கும் தாய் நடுங்கினாலோ, விறைத்து நடந்தாலோ, விடாமல் மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம் தொடங்கும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரமாக அடுத்த குட்டி வரவில்லை, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத்தில் கசிவு. இதில் எது நடந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். சிசேரியன் தேவைப்படலாம்.

*முதல் 8 வாரம்... தூக்கம் இல்லாத காலம்*

பிறந்த குட்டிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது. முதல் வாரம் குட்டி படுக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கதகதப்பாக இருக்க வேண்டும். முதல் நாளே சீம்பால் குடித்தாக வேண்டும். ஒவ்வொரு குட்டியையும் தினமும் எடை போட்டு எழுத வேண்டும். எடை ஏறாத குட்டிதான் முதல் எச்சரிக்கை மணி.

10 முதல் 14 நாளில் கண் திறக்கும். இரண்டாவது வாரத்தில் குடற்புழு மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் நோய்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. 16 வாரம் வரை 3, 4 வார இடைவெளியில் பூஸ்டர் உண்டு. ரேபிஸ் தடுப்பூசி 3 மாதத்தில் போடப்படும். அதற்குள் குட்டி புது வீட்டுக்குப் போயிருக்கும் என்பதால், வாங்குபவரிடம் தேதியை எழுதியே கொடுக்க வேண்டும்.

8 வாரம் என்ற கணக்கு சும்மா வந்ததல்ல. 3 முதல் 12 வாரம் வரைதான் குட்டி உலகத்தைக் கற்றுக்கொள்ளும் காலம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் கற்கிறது. 30 நாளில் பிரித்துத் தந்த குட்டி பின்னாளில் "ரொம்பக் கடிக்குது" என்று திரும்பி வர இதுவும் ஒரு காரணம்.

*மலையில், காட்டோரம் வளர்த்தால்?*

ஜவ்வாது மலை போன்ற இடங்களில் நாய் என்பது அலங்காரம் இல்லை. ஆட்டுப் பட்டிக்கும் சாமைக் கொல்லைக்கும் அதுதான் காவல். அங்கே ஒருவர் நல்ல இன நாய் வைத்துக் குட்டி எடுக்க நினைத்தால் கூடுதலாக மூன்று விஷயம் யோசிக்க வேண்டும்.

முதலாவது, தூரம். நடுராத்திரியில் பிரசவம் சிக்கலானால் மலைப்பாதையில் இறங்கி போளூர், திருப்பத்தூர், வேலூர் பக்கம் வர வேண்டியிருக்கும். எந்த மருத்துவமனையில் ராத்திரியில் அறுவை சிகிச்சை நடக்கும், வண்டி யாருடையது என்பதை மேட்டிங்குக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். மார்கழிக் குளிரில் பிரசவம் வராதபடி நாளைக் கணக்கிடுவதும் நல்லது.

இரண்டாவது, நோய். நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் போகும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது அவற்றிடம் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நாய்களைத் தாக்கும் அதே வைரஸ்தான். காட்டோரத்தில் தடுப்பூசி போடாத ஒரு ஈத்துக் குட்டிகள் அந்த வீட்டுக்கு மட்டும் பிரச்சினை இல்லை, காட்டுக்கும் பிரச்சினை.

மூன்றாவது, வேட்டை. சிப்பிப்பாறையும் கன்னியும் துரத்துவதற்கென்றே உருவான நாய்கள். ஆனால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நாயை விட்டு முயலைத் துரத்துவதும் வேட்டைதான். "வேட்டைக்கு நல்லா ஓடும்" என்று சொல்லிக் குட்டி விற்பவர், வாங்குபவரை வழக்கில் மாட்டிவிடுகிறார்.

*யாருக்குக் குட்டி தரலாம்?*

கன்னி நாய்க் குட்டியைக் காசுக்கு விற்க மாட்டார்கள், நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் தருவார்கள் என்று தென்மாவட்டங்களில் சொல்வதுண்டு. இன்று காசு வாங்கினாலும், அந்த வாக்கை விடக் கூடாது.

வீட்டில் நாய் ஓட இடம் இருக்கிறதா? பகலில் யார் இருப்பார்கள்? வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதித்தாரா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? இதெல்லாம் கேட்டால் சிலர் கோபப்படுவார்கள். அப்படிக் கோபப்படுபவருக்குக் குட்டி கொடுக்காமல் இருப்பதே நல்லது. வேட்டை வேகமுள்ள நாயை ஒற்றை படுக்கையறை ஃபிளாட்டில் கட்டிப்போட்டால், ஆறு மாதத்தில் சோபாவும் கிழியும், உறவும் கிழியும்.

இன்னொரு உறுதியும் வேண்டும். "வளர்க்க முடியலைன்னா தெருவுல விட்டுடாதீங்க, என்கிட்டயே கொண்டு வாங்க" என்று எழுதியே கொடுக்க வேண்டும். அப்படித் திரும்பி வரும் நாய்க்கு வீட்டில் இடம் இருக்க வேண்டும். குட்டி போட்டு முடித்த தாய்க்கும் அதே வீட்டில் கடைசி வரை இடம் வேண்டும்.

*லாபம் வருமா?*

கணக்கை நேர்மையாகப் போட்டால் ஹாபி பிரீடிங்கில் மிச்சம் குறைவு. பதிவுக் கட்டணம், பரிசோதனைகள், ஸ்கேன், மேட்டிங்குக்கு ஆண் நாய்க்காரருக்குத் தரும் பணம் அல்லது ஒரு குட்டி, இரண்டு மாதத் தீனி, தடுப்பூசி, மைக்ரோசிப் என்று செலவு நீளும். ஒரே ஒரு சிசேரியன் போதும், மொத்த வரவையும் சாப்பிட்டுவிடும். வருஷத்துக்கு ஒரு ஈத்துதான் என்பதால் அடுத்த ஈத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் உடனே நடக்காது. இதில் பெரிய லாபம் பார்ப்பவர் மேலே சொன்ன ஏதோ ஒரு செலவைத் தவிர்க்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

*தொடங்கும் முன் 5 கேள்விகள்*

1. நாய் இனப்பெருக்க விதிகளின்படி வாரியத்தில் பதிவு செய்தாச்சா? தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை நீதிமன்றம் வரை போனது. அதனால் இன்றைய நிலவரத்தை வாரியத்திலோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையிலோ கேட்டுக்கொள்வது அவசியம்.

2. இரண்டு நாய்களின் மூன்று தலைமுறைச் சொந்தம் எழுத்தில் இருக்கிறதா?

3. புரூசெல்லா, காது, மூட்டு என அந்த இனத்துக்கான பரிசோதனைகள் முடிந்தனவா?

4. ராத்திரி 2 மணிக்குப் பிரசவம் சிக்கலானால் எங்கே போக வேண்டும் என்று தெரியுமா?

5. மேட்டிங்குக்கு முன்பே நாலைந்து நல்ல வீடுகள் குட்டிக்காகக் காத்திருக்கின்றனவா?

ஐந்துக்கும் "ஆமா" என்றால் தொடங்கலாம். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் இந்தப் பருவத்தைத் தள்ளிப்போடலாம். நாய்க்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை. ஆறு மாதத்தில் அடுத்த பருவம் வரும். ஆனால் பிறந்துவிட்ட குட்டிக்கு நல்ல வீடு தேட, 8 வாரம்தான் இருக்கிறது.